யார் இந்த ஐம்பது?

ரூ பெர்தொனே தெருவில் பூபாலசிங்கத்தின் அச்சகம் திறந்து இருபத்தேழு வருடமாகிறது. இந்த இருபத்தேழு வருடத்தில் சொன்ன நாளில், சொன்ன மணிக்குக் கைக்குப் போகாத கலியாண அழைப்புக் காட் ஒன்றுகூட இல்லை. இதை அவர் வலியப் போய் யாரிடமும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால், கேட்கும்படியாகக் கதையை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கோட்டுமாக, முதுகு வளையாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே வரியை ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தற்காலிகத் தோல்வி என்று அது பிரெஞ்சில் சொன்னது. தற்காலிகம் என்ற சொல்தான் அவருக்கு எரிச்சலை மூட்டியது. நேற்றுப் பின்னேரமும் இதே தற்காலிகம்தான்.

பழைய அச்சு இயந்திரம் செவ்வாய்க்கிழமை உயிரை விட்டுவிட்டது. புதியது நேற்று வந்து இறங்கியது. அதைக் கணினிக்கு அறிமுகம் செய்துவைக்க ஒரு சிறு மென்பொருள் வேண்டும். கணினியில் இருப்பதோ லினக்ஸ் என்ற இயங்குதளம். எட்டு வருடத்துக்கு முன் அக்கா மகன் சுகந்தன் போட்டுக் கொடுத்தது. அதில் எதை நிறுவுவதென்றாலும் முதலில் அப்டேட் கொடுக்க வேண்டும். என்னென்ன மென்பொருள் பொதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அது இணையத்தில் கேட்டுப் பட்டியல் எடுத்துவரும். பிறகுதான் வேண்டிய பொதியை இறக்கித் தரும். இங்கே பட்டியலே வரவில்லை.

ஒன்பது நாளாகவே திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப்பார்த்து, அப்டேட் நடக்கவில்லை என்று முறையிட்டதுதான். மெத்ரோ வாசலில் துண்டுப்பிரசுரம் நீட்டுகிறவனைக் கடந்து போவதுபோல அவர் அதை மூடிக்கொண்டே வந்தார். டிசைன் எல்லாம் கைபேசிக்கு வரும். வயர் போட்டு இறக்குவார். கணினியில் இணையம் செத்துக் கிடந்தது அவருக்கு உறைக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தவநாயகிக்கு நானூறு காட் கொடுக்க வேண்டும். தவநாயகி பியர்ஃபித் என்ற புறநகர்க்காரி, மூத்த மகனுக்குக் கலியாணம். முதல் காட்டைப் பிள்ளையார் கோயிலில் வைக்க வேண்டும், நல்ல நேரம் ஒரு மணியோடு முடிகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனவர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் பியர்ஃபித்தில் பாதி வீடு பூபாலசிங்கத்திடம் வரும். கெட்ட வார்த்தை வந்தால் அந்தப் பாதி வீடும் எதிர்ப்பக்கத்து இராஜதுரையின் அச்சகத்துக்குப் போகும்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. ஒன்பது நாளைக்கு முன் மகன் சிவதர்சனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தி. சந்தோஷத்தில் தலை கால் தெரியவில்லை; ஆனாலும் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கு துடக்குத்தானே. அன்றைக்கே மேல்மாடி வீட்டில் சாமியறையின் சுவிச்சைத் தன் கையாலேயே அணைத்து அறையைப் பூட்டினார். முப்பத்தோராம் நாள் வரை விளக்கில்லை, கோயிலில்லை. இதில் அவர் ஒரு மயிரிழையும் விலகுகிறவரல்ல. ஆனால் காட் அடிக்க வருகிறவர்களுக்கு அவர் இதைச் சொல்லவில்லை. துடக்கு வீட்டுக் கையால் கலியாணக் காட்டா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தவநாயகி ஆசாரம் பார்க்கிறவர் என்று ஊரே சொல்லும். பொய் சொல்லவில்லை என்று பூபாலசிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை.

பத்தரைக்குத் தவநாயகி வந்துவிட்டார். ஒன்றரை மணித்தியாலம் முந்தி.

"அண்ணை, வேலை முடிஞ்சுதோ? ரயில் கெதியா வந்திட்டுது."

"இருங்கோ தங்கச்சி. மெஷின் சூடாகுது."

மெஷின் பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. தவநாயகி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வேலையை மேற்பார்க்க வந்த அதிகாரி போலக் கதிரையில் அமர்ந்தார். பூபாலசிங்கம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் தலையை நீட்டினார்.

"பிள்ளை! விதுர்ஷா! ஒருக்கா வந்திட்டுப் போ."

மகள் விதுர்ஷாவுக்கு இருபத்தாறு வயது. ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை. வியாழக்கிழமைகளில் தெலெத்ரவாய், வீட்டிலிருந்தே செய்வாள். கையில் கோப்பிக் கோப்பையும் காலில் கம்பளிச் சப்பாத்துமாக இறங்கி வந்தாள்.

"தெலெத்ரவாய் எண்டால் வேலை இல்லையெண்டு நினைக்கிறியளோ அப்பா? பதினொண்டரைக்கு எனக்கு ஒப்பீஸ் கூட்டம், ரெயூனியோன் இருக்கு."

"அதுக்கு முன்னம் முடிஞ்சிடும். நெற் கொம்பனிக்காரன்ரை பிழைதான். காலமை போன் எடுத்து நாப்பது நிமிசம் பாட்டுக் கேட்டனான்."

"என்ன சொன்னவங்கள்?"

"லைன் நல்லா இருக்காம். முழுப் பொய்."

விதுர்ஷா அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கறுப்புத் திரையைத் திறந்து நான்கு எண்களைத் தட்டினாள். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்தன.

"அவங்கள் பொய் சொல்லேல்லை. வெளியிலை போய் வருகுது, பாருங்கோ."

"அப்ப ஏன் இது வரேல்லை?"

இப்போது எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைத் தட்டினாள். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு அதே தற்காலிகத் தோல்வி.

"நம்பரைக் குடுத்தால் போகுது. பேரைக் குடுத்தால் போகுதில்லை. டி.என்.எஸ்."

"தமிழிலை சொல்லு பிள்ளை."

விதுர்ஷா கோப்பியை ஒரு மிடறு குடித்தாள். "கார் து நோர் ஸ்ரேசனிலை ஒராள் வந்து இறங்குது எண்டு வையுங்கோ. கையிலை விலாசம் இல்லை. பூபாலசிங்கத்தார் வீடு எண்டு பேர் மட்டும் தெரியும். நடக்கக் கால் இருக்கு, றோட்டும் இருக்கு. ஆனால் அந்த வீடு எங்கை எண்டு ஆரையாவது கேக்க வேணும்தானே? இந்தக் கொம்பியூட்டருக்குக் காலும் நல்லம், றோட்டும் நல்லம். விலாசம் சொல்லுற ஆள் வாய் திறக்குதில்லை."

"கார் து நோரிலை பூபாலசிங்கத்தார் வீட்டைக் கேட்டால் சொல்ல ஆளில்லையோ?" என்றார் தவநாயகி கதிரையிலிருந்து. "வழி முழுக்கச் சொல்லுவினம்."

பூபாலசிங்கத்துக்கு அது பாராட்டா பகிடியா என்று பிடிபடவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

விதுர்ஷா தன் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் அதே வரி. உதட்டைப் பிதுக்கினாள். அந்த நேரம் பார்த்து மனைவி யோகராணி தேநீர்த் தட்டோடு இறங்கி வந்து, தவநாயகிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, கணவரின் காதருகே குனிந்தார்.

"இஞ்சருங்கோ, எதிரை இராஜதுரையரிட்டைக் குடுத்து அடிச்சுப் போட்டால் என்ன? மணி பதினொண்டாகுது."

"என்ரை பிரேதம் போகட்டும் அவன்ரை கடைக்கு."

"சத்தம் போடாதையுங்கோ. அந்தாள் வாசலிலை நிண்டு இஞ்சைதான் பாக்குது."

உண்மைதான். இராஜதுரை தன் கடை வாசலில், எதையோ துடைப்பதுபோலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மனுசன் ஒரே இடத்தைக் கால் மணித்தியாலமாகத் துடைத்தால் அந்தக் கண்ணாடியில் மிஞ்ச என்ன இருக்கும்?

"ஆ!" என்றாள் விதுர்ஷா.

பூபாலசிங்கம் திரும்பினார்.

"எந்த இன்டர்நெற்றைக் குடுத்தாலும் விலாசம் கேக்கிற ஆளை இதிலை ஆரோ கையாலை எழுதிப் பூட்டி வைச்சிருக்கினம். வழமையா நெற் பெட்டியைத்தான் கேக்கும். இது அதைக் கேக்குதில்லை. எங்கடை வீட்டு வயருக்குள்ளையே ஐம்பதாம் நம்பர் எண்டு ஒண்டைக் கேக்குது. அந்த ஐம்பது செத்துக் கிடக்கு." அவள் நாற்காலியைச் சுழற்றி அவரைப் பார்த்தாள். "யார் இந்த ஐம்பது?"

பூபாலசிங்கத்தின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அவருக்குச் சங்கடம் வந்தால் அப்படித்தான் ஆகும்.

அவருக்குத் தெரியும். சுகந்தன் கணினியைப் போட்டுக் கொடுத்த அதே வாரம், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியையும் கொண்டுவந்தான். கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். அப்போது விதுர்ஷாவுக்குப் பதினெட்டு வயது, சிவதர்சனுக்கு இருபத்திரண்டு. வீட்டுப் பிள்ளைகள் கண்ட கண்ட இடத்தையெல்லாம் பார்த்துக் குடும்ப மானத்தைக் கப்பலேற்றக் கூடாது. வீட்டிலிருக்கிற எந்தக் கணினி எந்த விலாசத்தைக் கேட்டாலும் முதலில் அந்தப் பெட்டியைக் கேட்க வேண்டும். நல்ல இடமென்றால் பெட்டி வழி சொல்லும். கூடாத இடமென்றால் அப்படியொரு வீடே இல்லை என்று சாதிக்கும். முதலில் விறாந்தையில் வைத்தார். யாரோ அடிக்கடி வயரைப் பிடுங்கினார்கள். பிறகுதான் ஒருவரும் கை வைக்கத் துணியாத இடத்தில் வைத்தார். சாமியறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால்.

அந்தச் சாமியறையின் சுவிச்சைத்தான் ஒன்பது நாளைக்கு முன் அவர் தன் கையால் அணைத்தார்.

பெட்டியைச் சொன்னால் மகளை இத்தனை வருடம் காவல் காத்தது வெளிவரும். அது அணைந்த காரணத்தைச் சொன்னால் துடக்கு வெளிவரும், தவநாயகி எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டாலோ மகள் சொன்னதுபோல ஐம்பது செத்துக் கிடக்கும், பன்னிரண்டு மணியும் வந்துவிடும். நெற் கொம்பனியில் பழியைப் போடலாம். ஆனால் அது சரியில்லை என்று சற்று முன்தான் எல்லோருக்கும் முன்னால் நிரூபணமாகியிருந்தது.

"தெரியே..." என்று வாயெடுத்தார். வாய்க்குள்ளேயே அது கசந்தது. இந்தக் குடும்பத்தில் முகத்துக்கு நேரே பொய் சொன்னவர் எவருமில்லை என்று எத்தனை சபையில் சொல்லியிருப்பார்! பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "அது நான் வைச்ச காவல்."

"காவலோ?"

"சுகந்தன் கொண்டந்த சின்னப் பெட்டி. நீங்கள் ரெண்டு பேரும் கூடாத இடத்துக்குப் போகக் கூடாதெண்டு. சாமியறைக்குள்ளை இருக்கு."

விதுர்ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோப்பி மேசையில் சிந்தியது.

"செ பா வ்ரே, உண்மையோ! அது இன்னும் கிடக்குதோ? அப்பா, அதை ரெண்டாம் நாளே நாங்கள் தாண்டிப் போட்டம். அண்ணா எல்லாத்திலையும் விலாசம் கேக்கிற ஆளை மாத்தி விட்டவன். ஒரு வரிதான்."

"ரெண்டாம் நாளோ?"

"ரெண்டாம் நாள் பின்னேரம். கடைக் கொம்பியூட்டரை மட்டும் நாங்கள் தொடேல்லை, அது உங்கடை எண்டு." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப எட்டு வருசமா அது காவல் காத்தது உங்களைத்தான்."

யோகராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தட்டோடு திரும்பிப் பார்க்காமல் படியேறினார். பூபாலசிங்கம் சுவரில் தொங்கிய காட் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்தில் தான் கூடாத இடம் எதற்கும் போக முயன்றிருந்தால் பெட்டி தடுத்திருக்கும் என்பது மட்டும் அவருக்கு ஓர் ஆறுதலாகப் பட்டது.

"சரி, அது ஏன் இப்ப வேலை செய்யுதில்லை?" என்றாள் மகள். கேட்ட உடனேயே அவளுக்கும் விளங்கிவிட்டது. சாமியறை பூட்டியிருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஓரக்கண்ணால் தவநாயகியைப் பார்த்துவிட்டு, "அதை விடுங்கோ, நான் மாத்தி விடுறன்," என்று திரைப் பக்கம் திரும்பினாள்.

மகள் தனக்காக மறைக்கிறாள் என்பது பூபாலசிங்கத்துக்கு உறைத்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. அவர் தவநாயகி அமர்ந்திருந்த கதிரைக்கு முன்னால் போய் நேராக நின்றார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்ல வேணும். வேலைக்கு முதலே சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை. எங்கடை வீட்டிலை துடக்கு. சாமியறையை நான்தான் நிப்பாட்டினனான், அதோடை பெட்டியும் நிண்டிட்டுது. மகனுக்குப் பெம்பிளைப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். இந்தக் கையாலை அடிச்ச காட் வேண்டாமெண்டு நினைச்சால், டிசைனை இப்பவே உங்கடை போனுக்கு அனுப்புறன். எதிரை இராஜதுரை நல்லா அடிப்பான்."

கடைசி வார்த்தைகளைச் சொல்ல அவர் பட்ட பாடு கோட்டுக்குள்ளே இருந்த அவருக்குத்தான் தெரியும்.

தவநாயகி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூண்டு கிலோ நூறு."

"என்ன?"

"பிள்ளைக்கு நிறை மூண்டு கிலோ நூறு. செவ்வாய்க்கிழமை விடியப்புறம் பிறந்தது. தலை நிறைய மயிர். உங்கடை மருமகளின்ரை தாயும் நானும் ஒரே மாடிப் படியிலை ஏறி இறங்கிற ஆக்கள், அண்ணை. பியர்ஃபித் முழுக்கத் தெரியும்."

"தெரிஞ்சோ வந்தனீங்கள்?"

"தெரிஞ்சுதான் வந்தனான். போன கிழமை வந்து டிசைன் பாத்தனே, ஒரு வார்த்தை சொல்லுவியள் எண்டு பாத்தன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தியள். இண்டைக்கு ஒண்டரை மணித்தியாலம் முந்தி வந்தது காட்டுக்கில்லை. இண்டைக்காவது இந்த மனுசன் வாய் திறக்குதோ எண்டு பாக்கத்தான்."

"ஆசாரம் பாக்கிறனீங்கள் எண்டு..."

"பாக்கிறன்தான். மெஷின் அடிக்கிறதுக்கு ஆர் துடக்குப் பாத்தது? நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிறது என்ரை கை. கோயிலுக்குள்ளை கொண்டு போறதும் என்ரை கை. உங்கடை கை பட்டதெல்லாம் கடுதாசி." தவநாயகி குரலை உயர்த்தினார். "பேத்தி பிறந்திருக்கு, ஒரு கற்கண்டுத் துண்டு தரேல்லை. அதுதான் எனக்கு மனவருத்தம். பிள்ளை விதுர்ஷா, உந்த ஐம்பதைத் தூக்கி எறி. மணி பதினொண்டு பத்து."

விதுர்ஷா விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். "மாத்தட்டோ? மாத்தினால் காவல் போயிடும்."

அவர் கோட்டைச் சரிசெய்தார். இருக்கிற ஒரேயொரு கைதியும் தான்தான் என்று ஆனபிறகு காவல் எதற்கு? ஆனாலும் தலையை ஆட்டுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மாத்து."

அவள் ஐம்பதை அழித்து வேறோர் எண்ணை எழுதினாள். அப்டேட் கொடுத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அணை திறந்தாற்போல் வரிகள் பொழிந்தன. பட்டியல் வந்தது, பொதி வந்தது, நிறுவப்பட்டது என்றது. மூலையில் கிடந்த புதிய இயந்திரம் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது.

"ஒன்பது நாள் பாக்கியிருந்த மற்ற அப்டேட்டுகளும் நூற்றிப் பதினேழு இருக்கு. போடட்டோ?"

"காட் முடியட்டும்!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். யோகராணி மாடியிலிருந்து கத்தினார்.

முதல் காட் வெளியே வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. விதுர்ஷா அதைத் தவநாயகியின் கையில் கொடுத்துவிட்டு ரெயூனியோனுக்கு ஓடினாள். தவநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை பேர், பொம்பிளை பேர், மண்டபம், நேரம் என்று விரல் வைத்து வாசித்தார். பிழையில்லை. அதன் பிறகு தானே எழுந்து வந்து, அடிபட்ட காட்டுகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கிக் கொடுத்தார். பூபாலசிங்கம் மடித்தார். வாடிக்கையாளரை வேலை செய்ய விடுவது அந்தக் கடையில் அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று அவர் மூன்று முறை சொன்னார். தவநாயகி மூன்று முறையும் கேட்காத மாதிரி இருந்தார்.

கடைசிப் பெட்டியை நாடாவால் கட்டும்போது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நாலு காட்டியது. அவர் அதைப் பார்த்தார். தவநாயகி பார்ப்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நாலு நிமிசம் பிந்திப்போச்சு தங்கச்சி."

"ஆருக்குத் தெரியும்? நான் மணிக்கூடு கட்டிக்கொண்டு வரேல்லை," என்றார் தவநாயகி. இடது கையில் தங்க மணிக்கூடு மினுங்கிக்கொண்டிருந்தது.

படியில் விதுர்ஷாவின் காலடி கேட்டது. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். "அப்பா, அந்தப் பெட்டியை என்ன செய்யிறது?"

"முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தண்ணி தெளிக்கட்டும். அதுக்குப் பிறகு நீயே போய்க் கழட்டு. பிள்ளையாருக்குப் பின்னாலை தூசி இருக்கும், அதையும் துடைச்சு விடு."

தவநாயகி பெட்டிகளில் இரண்டைக் கையில் எடுத்தார். மற்ற இரண்டையும் பூபாலசிங்கம் எடுத்துக்கொண்டார். கோயில் வாசல் வரை அவர் வர முடியாது. தெருமுனை வரை வரலாம். இராஜதுரை இன்னும் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கடக்கும்போது தவநாயகி வேண்டுமென்றே குரலைத் தூக்கி, "என்ன மாதிரி அச்சு அண்ணை, கண்ணிலை ஒத்தலாம்!" என்றார்.

தெருமுனையில் கோயில் பக்கம் போகிற, தவநாயகிக்குத் தெரிந்த ஒரு பெண் நின்றாள். பூபாலசிங்கத்திடமிருந்த இரண்டு பெட்டிகளும் அவள் கைக்கு மாறின. தவநாயகி சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"முப்பத்தொண்டுக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவியளோ, இல்லை அதையும் நான் மாடிப் படியிலைதான் கேக்க வேணுமோ?"

பூபாலசிங்கம் நிமிர்ந்து நின்றார். இந்தத் தடவை சங்கடத்தால் அல்ல.

"வார்த்தை சொல்லுறதோ? நானும் மனுசியும் பியர்ஃபித்துக்கு வந்து, உங்கடை வீட்டு வாசலிலை நிண்டு, தட்டத்திலை கற்கண்டோடை அழைப்பும் வைச்சுத் தருவம். வாற ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு."

"பத்துக்கோ?"

"பத்துக்கு."

"அப்ப நான் ஒன்பதரைக்கே கதவைத் திறந்து வைக்கிறன்," என்றார் தவநாயகி. சொல்லிவிட்டு, ஒரு மணிக்கு முன் பிள்ளையாரைப் பிடிக்க வேண்டுமென்று வேகமாக நடந்தார்.